ஔந்தில் ஒடிந்த கப்பல் காசு

1. கொக்கி முனை

வேலைக்குச் சேர்ந்த ஒன்பதாம் நாள், ஒரு வாடிக்கையாளரின் பழங்காசை இரண்டாக ஒடித்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டாவது கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள் என்றுதான் எழுதுகிறேன்.

அதற்கு முன் இருபத்தாறு வருடம் பூனாவை ஒட்டிய சிஞ்ச்வட்டில் ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனி ஒன்றில் ஃபிட்டர். கம்பெனியை மூடிவிட்டார்கள். பூனாவிலேயே ஔந்த் பகுதியில் பழங்காசுகளைப் பரிசோதித்துச் சான்றிதழ் தரும் சின்ன ஆபீஸில், நுணுக்க வேலைக்குப் பழகிய கை வேண்டும் என்று என்னை எடுத்துக்கொண்டார்கள். எடை போடுவது, போட்டோ எடுப்பது, பிளாஸ்டிக் ஹோல்டரில் காசை உட்காரவைப்பது என் வேலை. அசலா போலியா என்று சொல்வது ஜோஷி மேடம். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

அந்தக் காசைக் கொண்டுவந்தவர் வானவடியில் இருக்கும் மரகதம் அம்மா. பூர்வீகம் திருநெல்வேலி. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்த கணவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. காசைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அது வட்டமாகவே இல்லை. விரல் நீளத்துக்கு ஒரு கம்பியை ஹேர்பின் மாதிரி மடித்து, ஒரு பக்கம் தட்டையாக அடித்து, அரபி எழுத்தில் முத்திரை குத்தியிருந்தார்கள். ஒரு முனை மட்டும் கொக்கிபோல வளைந்திருந்தது.

"எங்க வீட்டுக்காரவுக ரத்னகிரி பக்கம் ஒரு மீன்காரிகிட்ட வாங்குனது. கப்பல்காரங்க காசுன்னு சொல்லுவாக. பேக்கார் கம்பி, ஒண்ணுக்கும் ஒதவாத கம்பின்னு வீட்டுல எல்லாரும் கேலி பண்ணுவோம். நானுந்தான்" என்றார் மரகதம் அம்மா. "ஞாயித்துக்கிழமை எம்மவன் பழைய வெள்ளியெல்லாம் நகை செய்யுத சோனார்கிட்ட உருக்கப் போடுதான். புது வீட்டுக்கு விளக்கு வாங்கணுமாம். இது காசுதான்னு ஒரு பேப்பர் குடுங்க. இதையாவது நான் வச்சுக்கிடுதேன்."

2. மனம் கப்பலில்

மேடம் பேசுவது ஹிந்தி. நான் தமிழில் தருகிறேன். "இதுக்குப் பேரு லாரின். பாரசீகத்துல லார்ங்கிற ஊர்ல தொடங்கினது. ஹோர்முஸ், கொங்கணம், மாலத்தீவு, இலங்கைன்னு கரை கரையா போயிருக்கு. எந்த ராஜா அடிச்சதுன்னு யாரும் பெருசா பாக்க மாட்டாங்க. வெள்ளியான்னு மட்டும் பாப்பாங்க. சாயங்காலம் நான் சரியா பாத்துச் சொல்றேன்."

பூனாவில் கடல் கிடையாது. ஆனால் அன்று லென்ஸ் வழியாகப் பார்க்கப் பார்க்க வெளியே ஹாரன் சத்தம் எங்கோ போய்விட்டது. முத்திரையில் பாதிதான் விழுந்திருந்தது. யாரோ ஒருவர் இதை இடுப்பில் முடிந்துகொண்டு, குதிரை ஏற்றிய கப்பலில் மல்லாந்து படுத்திருக்கிறார். காற்று திசை மாறட்டும் என்று ஏதோ துறைமுகத்தில் மாதக்கணக்கில் காத்துக் கிடக்கிறார். இதைக் கொடுத்து மிளகு வாங்குகிறார். மிளகு விற்றவர் இதைக் கொடுத்துத் துணி வாங்குகிறார். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது, கம்பி மட்டும் கை மாறிக்கொண்டே போகிறது. எனக்கு அவர்கள்மேல் பொறாமையாக இருந்தது.

எடை கொஞ்சம் குறைவாகக் காட்டியது. தேய்மானம் என்று எழுதிக்கொண்டேன். ஹோல்டரில் வைத்தால் கொக்கி முனை இடித்தது. சிஞ்ச்வட்டில் வளைந்த கம்பியை நிமிர்த்தாமல் மேசையில் வைத்த பழக்கமே எங்களுக்கு இல்லை. மனம் கப்பலில் இருந்தது, கை ஃபிட்டர் கையாகவே இருந்தது. மூக்குக் குறடால் ஒரே ஒரு அழுத்து. பட்டென்று முனை தனியாக வந்துவிட்டது.

3. சிவப்பு

மேடம் திட்டவில்லை. ஒடிந்த இடத்தை லென்ஸில் வெகுநேரம் பார்த்தார்.

"உள்ளே சிவப்பா இருக்கு பாருங்க. செம்பு. மேல வெள்ளி முலாம்."

"அப்ப போலியா மேடம்?"

"போலிதான். ஆனா அந்தக் காலத்துப் போலி. துறைமுகத்துல காசு மாத்துறவங்களுக்குச் சந்தேகம் வந்தா வெட்டிப் பாப்பாங்க, வளைச்சுப் பாப்பாங்க. இதையும் யாரோ வளைச்சிருக்கணும். பாதியில விட்டுட்டான். மீதியை நீங்க முடிச்சிட்டீங்க." லென்ஸைக் கீழே வைத்துச் சொன்னார்: "இனிமே என்னைக் கேக்காம எதையும் நிமிர்த்தாதீங்க."

சனிக்கிழமை மரகதம் அம்மா வந்தார். "நான்தாம்மா ஒடிச்சேன்" என்று ஒடிந்த இரண்டையும் முன்னால் வைத்து, உள்ளே செம்பு இருந்ததையும் சொன்னேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. "அப்ப அவுக ஏமாந்துதான் போனாகளா?"

"இல்லம்மா. கப்பல் காசுன்னு அவர் சொன்னது நெசம். கள்ளக் காசு, ஆனா கப்பல்ல போன கள்ளக் காசு. எத்தனை ஊர் வியாபாரி இதை நம்பி வாங்கினானோ."

ஒடிந்த முனையை எடுத்துப் பார்த்தவர் மெல்லச் சிரித்தார். "கடல் யாவாரிக்கே தெரியல. இவுக பட்டாளத்துக்காரவுக, என்னத்தக் கண்டாக" என்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது.

இந்த வேலையில் நான் கற்றது இதுதான்: போலி என்று சொல்லிவிட்டு அதோடு நிறுத்தாதீர்கள். எந்தக் காலத்துப் போலி, யாரை ஏமாற்றியது என்பதையும் சொல்லுங்கள். கேட்கிறவருக்கு வேண்டிய பதில் அதில்தான் இருக்கும். நல்ல வெள்ளி லாரின்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு ராஜாவின் நாணயச்சாலையில் உருகிப் புதுக் காசாகிவிட்டன என்று மேடம் சொல்வார்.

அன்று கிளம்பும்போது மரகதம் அம்மா திடீரென்று கேட்டார். "வெள்ளி இல்லேன்னா சோனார் உருக்க மாட்டாம்லா?"

"தொடவே மாட்டான்."

"அப்ப அந்தப் பேப்பர்ல போலிங்கிறத மட்டும் பெருசா எழுதச் சொல்லுங்க. எம்மவனுக்குக் கண்ணாடி இல்லாமலே தெரியணும்."