அக்கா எழுதிய ராஜ்யம்

அக்கா கல்லூரிக்குப் போன முதல் வருடத்தில் ஆறு நீள நோட்டுகள் நிறைய ஒரு நாவல் எழுதினாள். ஏழு தீவுகள், அவற்றை ஆளும் ஓர் இருட்டரசன், தாய் தகப்பன் இல்லாத இளவரசன், அவனுக்கு வழிகாட்டத் தடியூன்றி வரும் கிழவர். உச்சிப்புளியில் ரயிலேறிப் பரமக்குடி போய்ச் சேரும்வரை யோசிப்பாள். சாயங்காலம் வந்து எழுதுவாள். எழுதியதை முதலில் எனக்குத்தான் வாசித்துக் காட்டுவாள். எனக்கு அப்போது பதினோரு வயது. இளவரசன் அடிபட்ட அன்று எனக்குச் சோறு இறங்காது.

அய்யாவுக்கு அதில் பெருமை. மிளகாய் பறிக்க வருகிறவர்களிடம்கூட, "எம் மூத்த மக பெரிய கதை எழுதுறா" என்பார். அது பரமக்குடியில் அத்தை வீட்டு மாமாவின் காதுக்கும் போனது. அவருடைய கூட்டாளி ஒருவர் அங்கே அச்சகம் வைத்திருந்தார். எழுதியவரைக்கும் கொடு, முடிவை அப்புறம் தரலாம், புத்தகமாகப் போட்டுவிடுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மா நண்டு வாங்கிக் குழம்பு வைத்தாள். அக்கா ஆறு நோட்டுகளுக்கும் புது அட்டை போட்டிருந்தாள்.

அந்த வாரம்தான் பள்ளி நூலகத்திலிருந்து என் வாழ்க்கையின் முதல் தடித்த புத்தகத்தை எடுத்து வந்திருந்தேன். மொழிபெயர்ப்பு நாவல். அதிலும் அநாதை இளவரசன், தடி வைத்த கிழவர், இருட்டரசன். அவனுடைய உயிர் ஒரு கறுப்புக் கல்லில் இருந்தது. அக்காவின் இருட்டரசனுக்கு ஒரு நாரைக்குள். பார்த்து எழுதியவர்களை எங்கள் வகுப்பில் முட்டி போட வைப்பார்கள். நான் ஒரு திருட்டைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றே நினைத்தேன். எல்லோரும் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற ஆசையும் இருந்தது. கைகழுவிவிட்டு வந்த மாமாவிடம் புத்தகத்தை நீட்டினேன்.

"மாமா, அக்கா இதப் பாத்துத்தான் எழுதியிருக்கு."

மாமா நான் காட்டிய பக்கங்களைப் படித்தார். நோட்டையும் புரட்டிவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"என்னத்தா இது?"

"இந்தப் புத்தகத்த நான் கண்ணால பாத்ததே இல்ல மாமா."

"பாக்காம எப்படித்தா ஒண்ணுபோல வரும்?"

அக்காவுக்கே அது விளங்கவில்லை.

"அடுத்தவுக எழுதுனதப் போட்டா கேஸு கீஸுன்னு வந்துரும்த்தா. புதுசா ஒண்ணு எழுது, பாப்போம்." மாமா அன்பாகத்தான் சொன்னார்.

ஏழு கடல் தாண்டி ஒரு பறவைக்குள் உயிரை ஒளித்துவைத்த அரக்கனின் கதையை, கரண்ட் போன நேரங்களில் எங்களுக்குச் சொன்னவர் அய்யாதான். அவருக்குச் சொன்னவர் யாரோ. அதை அவர் அப்போது சொல்லியிருக்கலாம். அச்சில் இருப்பதை எதிர்த்துப் பேச அவருக்கு வரவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாமாவை வழியனுப்பப் போனார்.

அக்கா என்னைத் திட்டவில்லை. புத்தகத்தைக் கேட்டு வாங்கி இரண்டு நாளில் படித்தாள். "நல்லாத்தான் எழுதியிருக்காக" என்று திருப்பித் தந்தாள். நோட்டுகள் பரணுக்குப் போயின. அவள் அதற்குப் பிறகு எழுதவில்லை.

கதை பாதியில் நின்றதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் கடைசியாக வாசித்த இடத்தில், கடல் உள்வாங்கிக் கிடக்கிறது. இளவரசனின் தமக்கை, முன்பொரு புயலில் கடல் கொண்டுபோன சனங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி அந்தச் சேற்றில் தனியாக நடந்து போகிறாள். கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக எழுந்து அவள் பின்னால் வருகிறார்கள். தண்ணீர் திரும்பி வரும் இரைச்சல் கேட்கிறது.

"அப்புறம் என்னக்கா ஆச்சு?"

"எல்லாந்தான் ஒன் புத்தகத்துல இருக்கே. அதுல பாரு."

நான் நிஜமாகவே பார்த்தேன். ஒரு வாரம், பக்கம் பக்கமாக. அந்த இளவரசனுக்குத் தமக்கையே இல்லை. தாள் ஏதோ கிழிந்திருக்கிறது என்று டீச்சரிடம் புகார் சொன்னேன். அவர் பக்க எண்களைச் சரிபார்த்துவிட்டு, எல்லாம் இருக்கிறது என்றார். வீட்டுக்கு ஓடினேன். அக்கா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அதுல அந்தப் பொண்ணு இல்லக்கா. எங்கனயுமே இல்ல."

அக்காவின் கை கொடியிலேயே நின்றது. பிறகு, "சரி, போயிப் படி" என்றாள்.

அந்தப் புத்தகத்தில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். அந்தப் பெண் அதில் இல்லை என்பதை அய்யாவிடமும் மாமாவிடமும் போய்ச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.