மேபல் நட்ட மீசை

மேபல் கதிரையிலிருந்து எழும்பினால் அவளுடைய முழங்கால்கள் இரண்டும் சத்தம் போடும். சும்மா சத்தமில்லை. வெள்ளவத்தை ஸ்டேஷனில் நிற்கிற ரயிலின் சாரதி, தன் எஞ்சினில்தான் ஏதோ முறிந்துவிட்டதென்று இறங்கிப் பார்ப்பார். அப்படிப்பட்ட கால்களை வைத்துக்கொண்டும் ஞாயிறு பூசை முடிந்தால் அவள் நேரே வீட்டுக்குப் போகமாட்டாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மரைன் டிரைவைத் தாண்டி, தண்டவாளத்தையும் தாண்டி, மணல் சரிவில் மெல்ல மெல்ல இறங்கி, கணுக்கால் வரை கடலில் நனைத்துவிட்டுத்தான் சமைக்கப் போவாள்.

கல்யாணம் கட்டிக் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்த முதல் ஞாயிறே தொடங்கிய பழக்கம் இது. பிள்ளை வயிற்றில் இருந்தபோதும் போனாள். ஊரடங்கு போட்ட நாட்களில் மட்டும் ஜன்னலில் நின்று பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சில் திரைச்சீலை இரண்டு கிழிந்துபோனதாக றேமண்ட் சொல்வார்.

றேமண்ட் அவளுடைய புருஷன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். அந்த வேலையின் பழக்கமோ என்னவோ, எவ்வளவு சின்னக் கதையையும் கொழுவித் தூக்கி, மேலே வைத்து நாலு ஆட்டு ஆட்டி, கப்பலளவு பெருப்பித்துத்தான் கீழே இறக்குவார்.

அந்தச் சரிவுக்குத்தான் கேடு வந்தது. ஒவ்வொரு வருஷமும் வைகாசி பிறந்தால் கடல் வாயைத் திறந்துகொண்டு வந்து, மணலில் ஒரு கடி கடித்துவிட்டுப் போகும். இரண்டு பக்கமும் ஏற்கெனவே கருங்கல் கொட்டியாகிவிட்டது. நடுவில் நாலு பஸ் நிறுத்தக்கூடிய இடந்தான் மணலாக மிச்சம். ரயில்பாதையை நடந்து பார்க்கிற ஜயசேன ஒரு நாள் அவளைக் கண்டதும் நின்றார். வெள்ளவத்தைக் கடைக்காரரிடம் பழகிய தமிழ் அவருடையது; அம்மா என்பதற்கு மட்டும் சிங்களத்தில் நோனா என்பார்.

"நோனா, மண் இன்னும் கொஞ்சம் போனா இங்கயும் கல்லுதான். தண்டவாளம் கடலுக்குள்ள போனா ஆருக்குப் பாடு?"

அவர் சொன்னதில் பிழையே இல்லை. ஆனால் ஒவ்வொரு கல்லும் ஒரு ஃபிரிட்ஜ் அளவு. இந்த முழங்கால்களோடு அதற்கு மேலால் இறங்க வேண்டுமென்றால் றேமண்டின் பழைய கிரேன்தான் வரவேண்டும். கல் வந்தால் அவளுக்குக் கடல் இல்லை. இனி ஜன்னலும் திரைச்சீலையுந்தான்.

அன்று அவள் பருப்பை அடிப்பிடிக்க விட்டாள். மணத்திலேயே றேமண்டுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"கவலைப்படாத மேபல். அந்த மண்ணை நான் பிடிச்சு வச்சுத் தாறன்."

"என்னத்தால பிடிப்பீங்கள்? உங்கட வாயாலயோ?"

"புல்லால. இராவணன் மீசையால."

அந்தப் பேரைக் கேட்டதும் மேபல் அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள். சின்ன வயதில் பள்ளிக்கூட லீவு விட்டால் அவளும் சிநேகிதிகள் றோஸியும் ஐறீனும் கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறி, வெள்ளவத்தையில் இருந்த அவளுடைய மாமி வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அப்போது இந்தக் கரையில் மணல் எவ்வளவு என்றால், தண்டவாளத்தில் புறப்பட்டவன் தண்ணீரைத் தொடுவதற்குள் அவனுக்கு மீசை முளைத்துவிடும். அந்த மணல் முழுக்க இந்தப் புல். இலை ஒவ்வொன்றும் ஊசி. பந்து பந்தாக முள்ளுத் தலை. காய்ந்த பந்து காற்றில் அறுந்து, கம்பிக் காலால் துள்ளித் துள்ளி உருண்டு போகும். ஆளுக்கொரு பந்தைப் பிடித்து ஒரே கோட்டில் வைத்து விட்டுவிட்டு, பின்னால் ஓடுவார்கள். றோஸியின் பந்து ஒரு தடவை தெஹிவளை வரை போனது. றோஸி அழுதுகொண்டே பின்னால் போனாள். றோஸியையும் பந்தையும் மாமாதான் சைக்கிளில் போய் ஏற்றி வந்தார்.

இப்போது றோஸி ரொறன்ரோவில் பனி வழிக்கிறாள். ஐறீன் மெல்பேர்னில் பேரப்பிள்ளை பார்க்கிறாள். புல் எப்போது போனதென்று யாருக்கும் தெரியாது. பல் விழுந்தால் அன்றைக்கே தெரியும். தலைமயிர் கொட்டுவது அப்படியா? ஒரு நாள் கண்ணாடியைப் பார்த்தால் வழுக்கைதான் தெரிகிறது.

ஆவணியில், வடக்கே கடற்கரையில் இருக்கிற தலவில அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் போனது. அங்கே கரையெல்லாம் அந்தப் புல்தான். அந்த முறை மேபலுக்குக் கால் வீக்கம். றேமண்ட் தனியே போய், ஒரு சாக்கு நிறையப் பூந்தலைகளைக் கொண்டு வந்து இறக்கினார். தயிர்ச்சட்டிகளில் கடல்மண்ணை நிரப்பி, ஃபிளாட்டின் மொட்டைமாடியில் வரிசையாக வைத்து விதைத்தார். காலையில் ஒரு தடவை கிண்டிப் பார்ப்பார். மத்தியானம் ஒரு தடவை. தேத்தண்ணி குடித்துவிட்டு இன்னொரு தடவை. ஒன்றும் முளைக்கவில்லை. மேல்வீட்டு அனுஷியா, பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் குடுக்கிறவள், உடுப்புக் காயப்போட வரும்போதெல்லாம் விசாரித்தாள்.

"அங்கிள், சட்டிக்குள்ள மண்ணையா வளக்கிறீங்கள்? நல்லாத்தான் வளருது."

"உள்ளுக்க வேர் ஓடுது பிள்ளை. கீழ்வீட்டுக் கூரையில போய்ப் பார், தொங்கும்."

கூரையில் ஒன்றும் தொங்கவில்லை. அடுத்த வைகாசியில் கடல் வந்து இன்னொரு கடி கடித்தது. மணலின் மேல் விளிம்பு தண்டவாளக் கட்டைக்குக் கிட்ட வந்துவிட்டது.  ஜயசேன கையை விரித்துக் காட்டினார்.

அடுத்த ஆவணியில் மேபல் காலுக்கு எண்ணெய் பூசி, துணி சுற்றி, தானே பஸ் ஏறினாள். பூசை முடிந்து கரைக்குப் போனார்கள். நல்ல காற்று. றேமண்ட் ஒரு செடிக்குப் பக்கத்தில் குந்தி, "இதுதான், போன முறை இதைத்தான் வெட்டினனான்," என்று காட்டினார். சின்னச் சின்னக் கதிர் சேர்ந்த கொத்து. கையில் பிடித்தாலும் பெரிதாகக் குத்தவில்லை.

"ஏன் இதை எடுத்தீங்கள்?"

"மற்றது குத்துதே! அந்தப் பெரிய முள்ளுப் பந்தைத் தொட்டா, சேசுநாதருக்கு முள்முடி வச்ச மாதிரி ரத்தம் வருது."

அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய பந்து அறுந்து, துள்ளிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனது. மேபல் அதைப் பார்த்தாள். கொத்துக் கதிரைப் பார்த்தாள். அது இருந்த இடத்திலேயே தலையாட்டிக்கொண்டு நின்றது. ஓட்டப்பந்தயத்துக்கு அவர்கள் ஒரு நாளும் அந்தக் கொத்தைப் பிடுங்கியதில்லை. அது உருளாது. அவள் கொத்தை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினாள். வெறும் தூள். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு ஒரு முள்ளுப் பந்தைப் பிடித்துப் பிய்த்தாள். ஒவ்வொரு முள்ளின் அடியிலும் ஒரு விதை இருந்தது.

"இஞ்சேருங்கோ, நீங்கள் கொண்டு வந்ததெல்லாம் ஆம்பிளைப் பூ!"

"என்னடி சொல்லுறாய்?"

"ஒரு சாக்குப் பிரம்மச்சாரிகளைக் கொண்டு வந்து சட்டிக்குள்ள வச்சுப் பிள்ளை பெறச் சொல்லியிருக்கிறீங்கள்!"

அவள் சிரித்த சிரிப்பில் பந்தலில் இருந்த சனம், அன்னம்மாள் ஏதோ புதுமை செய்துவிட்டாளென்று ஓடி வந்தது. றேமண்ட் மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சாக்கை விரித்துப் பிடித்து, அவள் பிய்த்துப் போட்ட முள்ளுப் பந்துகளை வாங்கினார்.

மேபல் முப்பது வருஷம், கோயிலில் முதல் நற்கருணை வாங்குகிற வெள்ளவத்தைப் பிள்ளைகளுக்குப் புதுநன்மைச் சட்டை தைத்தவள். ஊசி குத்தாமல் விரலில் மாட்டுகிற இரும்புத் தொப்பி இரண்டை மாட்டிக்கொண்டு, தையல் கத்தரிக்கோலால் முள்ளைக் கத்தரித்து விதை எடுத்தாள். எடுத்ததை நல்ல தண்ணீரில் ஊறவைத்தாள். மணலை வாளியில் போட்டு அலசி, ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பு இருந்தால் துப்பிவிட்டு மறுபடி அலசினாள். அலசின தண்ணீரில் நகர நடுவில் இருக்கிற பேர வாவியை இன்னொரு தடவை நிரப்பியிருக்கலாம்.

"அன்ரி, தண்ணி ராங்கில ஒரு சொட்டு இல்லை. தலையில சோப்போட நிக்கிறன்!" என்று அனுஷியா மேலிருந்து கத்தினாள்.

"கொஞ்சம் பொறு பிள்ளை. சோப்பு மயிருக்கு நல்லது!"

இந்த முறை சட்டியைக் கிண்டிப் பார்க்க றேமண்டுக்கு அனுமதி இல்லை. அவர் சட்டிகளைச் சுற்றிச் சுற்றி நடந்தார், ஆஸ்பத்திரி வாசலில் பிள்ளைக்குக் காத்திருக்கிறவர் மாதிரி. ஒரு காலை மணலைக் குத்திக்கொண்டு ஒரு பச்சை ஊசி நின்றது. பிறகு பக்கத்துச் சட்டியில் ஒன்று. அந்தச் செய்தி ரொறன்ரோவுக்கும் மெல்பேர்னுக்கும் போனது. ரொறன்ரோவில் அப்போது நடுச்சாமம் என்பதை றேமண்ட் யோசிக்கவில்லை. ஃபோனை எடுத்த றோஸி, யாரோ செத்துப்போனார்களென்று ஒப்பாரியே தொடங்கிவிட்டாள்.

ஐப்பசி மழையோடு நாற்றைச் சரிவுக்குக் கொண்டு போனார்கள். ஜயசேன தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

"மே மொனவத? ராவணா ரெவுல நே! ராவணன்ட தாடி!"

"தாடி இல்லை அய்யே, மீசை," என்றார் றேமண்ட்.

"சரி சரி, எது எண்டாலும் நடுங்க. ரயில் வந்தா மட்டும் ஓடுங்க."

மேபல் மேலே நின்று இடம் காட்டினாள். றேமண்ட் குழி தோண்டினார். கடல்பக்கம் தேங்காய் உரிமட்டை அடுக்கினார்கள். தையில் கொடி விட்டது. மாசியில் ஒரு கொடி இன்னொன்றைத் தாண்டி ஓடியது. கணுவுக்குக் கணு வேர் இறங்கியது. காற்றில் வந்த மணல் புல்லுக்குள் மாட்டிக்கொண்டு திரும்பிப் போக வழி தெரியாமல் நின்றது. இந்த வேகத்தில் போனால் வருஷக் கடைசியில் இந்தியாவுக்கு நடந்து போகலாமென்று றேமண்ட் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார்.

பிறகு வைகாசி வந்தது. மேபல் மரைன் டிரைவில் குடையோடு நின்றாள். குடை காற்றில் திரும்பிக்கொண்டது. அலை தண்டவாளத்துக்கே எச்சில் தெறித்தது. சரிவின் அடிப்பக்கம் அப்படியே உடைந்து விழுந்தது. நாற்றில் பாதி போனது. கொடிகள், பிரிந்த தையல் நூல் மாதிரி வெளியே தொங்கின.  றேமண்ட் தண்டவாளத்துக்குக் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு நனைந்துபோய்த் திரும்பி வந்தார்.

"என்ன? போச்சா?"

"மேல கொஞ்சம் நிக்குது," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். மலையென்றோ கோட்டையென்றோ சொல்லவில்லை. 'கொஞ்சம்' என்று றேமண்ட் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று மேபலுக்கு அப்போது ஒரு தைரியம் வந்தது.

கடல் களைத்துப்போன பிறகு கொடிகள் மறுபடி கீழே இறங்கின. போன மணலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. ஜயசேன தண்டவாளக் கட்டையிலிருந்து மணல் விளிம்பு வரை நடந்து பார்த்தார். "இந்த வருஷம் கல்லு வராது நோனா," என்றார். அடுத்த வருஷத்தைப் பற்றி அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

அலைக்குப் பயந்து அவ்வளவு நாளும் இறங்காதிருந்த மேபல் அந்த ஞாயிறு பூசை முடிந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சரிவின் தலைப்பில் வந்து நின்றாள். நின்றவள் நின்றபடியே நின்றாள். மேலிருந்து கீழ் வரை புல். கால் வைக்கிற இடமெல்லாம் ஊசி.

"இறங்கன் மேபல்," என்றார் றேமண்ட்.

"எங்க இறங்கிறது? ஊசிப் பெட்டிக்குள்ளயோ?"

அவர் ஓடிப்போய் மண்வெட்டியோடு வந்தார். "தள்ளி நில். நேரா ஒரு றோட்டுப் போட்டுத் தாறன். காலிக்குப் போற பெரிய றோட்டை விட அகலம்!"

"வைங்கோ அதை!" அவள் போட்ட சத்தத்தில் தண்டவாளத்திலிருந்த காகம் பறந்தது. "நேரா வெட்டினா காத்தும் அலையும் அந்த வழியாலதானே ஏறி வரும்? பிறகு மண்ணும் இல்லை, நானும் இல்லை."

"அப்ப நீ எப்பிடிப் போறது?"

மேபல் புல்லை மேலிருந்து கீழ் வரை கண்ணால் அளந்தாள். பிறகு ஒரு கொடியைச் செருப்பால் ஒதுக்கினாள். "வெட்ட வேண்டாம். சரிச்சு, குறுக்கால போவம். கொடியை மடிச்சு அங்கால குத்துங்கோ, சட்டைக்கு விளிம்பு மடிக்கிற மாதிரி."

றேமண்ட் மண்வெட்டியை வைத்துவிட்டுக் குனிந்தார். ஒவ்வொரு கொடியாக மடித்து ஓரத்தில் குச்சி குத்தினார். ஒவ்வொரு குத்துக்கும் "ஐயோ" என்றார். அவள் பின்னால் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் அவரைத் திட்டிக்கொண்டு இறங்கினாள். முன்பு மூன்று நிமிஷத்தில் இறங்கின சரிவுக்கு அன்றைக்கு அரை மத்தியானம் போனது. இடையில் இரண்டு ரயில் அவர்களைப் பார்த்து ஊதிவிட்டுப் போனது.

தண்ணீர் வந்து கணுக்காலைத் தொட்டது.  றேமண்ட் தன் கையில் இருந்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

"எப்பிடி இருக்கு?"

"குளிருது."

 பிறகு அவள் திரும்பி, அந்தக் குறுக்குப் பாதையை அண்ணாந்து பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, இப்ப எனக்கு ஏற ஏலாது."

"அப்ப சாப்பாடு?"

"அனுஷியா குடுப்பாள். இருங்கோ."

இருவரும் ஈர மணலில் உட்கார்ந்தார்கள். முழங்கால்கள் இரண்டும் சத்தம் போட்டன. அலைச் சத்தத்தில் அது அவ்வளவாகக் கேட்கவில்லை.