பன்னிரண்டாம் மாடிக்குப் பறந்த கழிப்பறை

எங்கள் அண்ணி கிரேன் ஓட்டுகிறாள். பதினைந்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதுதான் அவள் ஆபீஸ். கீழே நின்று கொக்கி மாட்டி, வாக்கிடாக்கியில் "மேல, மேல, நிறுத்து" சொல்பவள் நான். கழிப்பறைக்கு ஒருமுறை இறங்கி ஏற அரை மணி ஆகும் என்று காலை முதல் மாலை வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டாள். இதில் பெருமை வேறு!

அந்தப் பெருமை அவளை ஆறே மாதத்தில் மூன்று முறை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனது. எரிச்சல், அடிவயிற்று வலி, போய்விட்டு வந்தால் மறுபடி போகணும். மூன்றாம் முறை குளிர்காய்ச்சலே வந்துவிட்டது.

"எனக்கு மட்டும் ஏன் டாக்டர்?"

"உங்களுக்கு மட்டுமா? பொம்பளைங்களுக்குச் சிறுநீர்க் குழாய் குட்டை, கிருமி சுலபமா ஏறிடும். கர்ப்பிணி, சர்க்கரைக்காரங்க, மாதவிலக்கு நின்னவங்க, இவங்களுக்கு இன்னும் சுலபம். நீங்க தண்ணியும் குடிக்காம அடக்கியும் வெச்சு, அதுக்குப் பாய் விரிச்சுக் குடுக்கறீங்க. இப்ப கிட்னி வரைக்கும் போயிடுச்சு. இன்னொரு தடவை வந்தா கிரேனை மறந்துடுங்க."

கிரேனை மறப்பதா? அண்ணனை வேண்டுமானால் மறப்பாள்.

மாத்திரையை மிச்சம் வைக்காமல் முடித்துவிட்டு, மேலே ஒரு கழிப்பறை வேண்டுமென்று இஞ்சினியரிடம் கேட்டாள். "பார்க்கலாம்மா" என்றவர் மூன்று வாரம் பார்த்தார். அவருக்கென்ன, அறை வாசலிலேயே நீல பிளாஸ்டிக் கழிப்பறை.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?

"அடியே நாத்தனாரே, அந்த நீலக் கழிப்பறைக் கதவைத் தட்டு. உள்ள ஆள் இல்லையே?"

மூன்று முறை தட்டினேன். கதவைக் கம்பியால் கட்டிக் கொக்கியை மாட்டினேன். "மேல!"

பறந்ததே பார்க்கணும்! இஞ்சினியர் டீயோடு வெளியே வந்து அண்ணாந்தார். "அது... அது நம்மளதா?"

"ஆமா சார்," என்றது வாக்கிடாக்கி. "பார்க்கலாம்னீங்கல்ல, நல்லாப் பாருங்க."

கூண்டிலிருந்து மூன்றே நிமிடத்தில் வரக்கூடிய பன்னிரண்டாம் மாடியில் அதைப் பூப்போல இறக்கினாள். ஒரு பாட்டில் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்துவிட்டுத் துள்ளிக்கொண்டு போனாள். பத்து நிமிடம் கழித்து வாக்கிடாக்கியில் கூப்பிட்டேன்.

"என்ன அண்ணி ஆச்சு?"

"பதினோரு பேர் வரிசையில நிக்கறாங்கடி. சாந்து சுமக்கறவங்க, கம்பி கட்டறவங்க. ஏழு மாசப் புள்ளத்தாச்சிய முன்னாடி விட்டிருக்காங்க. ஒருத்தியும் காலையிலேர்ந்து தண்ணி குடிக்கலையாம்."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் இவர்களைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டுதானே இருந்தோம்?

"அடியே," என்றாள் அண்ணி, "கீழ இன்னும் எத்தனை இருக்கு?"