மாத்திரை போட்டுட்டாரா?

போன வருடம் பள்ளிகள் திறந்திருந்த சமயம். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் பில் போடும் வேலை எனக்கு. என் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். தோள்பட்டை வலி தாங்காமல் அன்று காலை அவரை வழக்கமான கிளினிக்குக்கு அழைத்துப் போனேன்.

அங்கே அப்போதுதான் கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். டாக்டரம்மா இனி சீட்டில் எழுதுவதில்லை. இரண்டு மூன்று எழுத்தைத் தட்டினால் திரையில் மருந்துப் பெயர்கள் வரிசையாக வரும். ஒன்றைத் தொட்டால் கீழே இருக்கும் மருந்துக் கடைக்குத் தகவல் போய்விடும். நாங்கள் படியிறங்குவதற்குள் மாத்திரை தயார். "பரவால்லியே!" என்று என் கணவரே மெச்சிக்கொண்டார்.

பள்ளி விடும் நேரத்தில் எனக்கு ஃபோன். டாக்டரம்மாவே பேசினார்.

"உங்க வீட்டுக்காரர் மாத்திரை போட்டுட்டாராம்மா?"

"மதியம் சாப்ட்டுட்டு போட்டேன்னு சொன்னாரே."



"நான் தப்புப் பண்ணிட்டேன்மா. வலி மாத்திரைக்கு அடுத்து இருந்த பேரைத் தொட்டுட்டேன். அது சர்க்கரை வியாதிக்காரங்களுக்கு உள்ளது. அவருக்கு சர்க்கரை ரொம்ப இறங்கிடும், மயக்கம் வரலாம். இப்ப எங்க இருக்கார்?"

வேனில் இருப்பார். வேன் நிறையக் குழந்தைகள் இருப்பார்கள்.

அவரைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது அவர் ஃபோனைத் தொடவே மாட்டார். அதை எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பேன்! பள்ளிக்குக் கூப்பிட்டேன். "வேன் இப்பதாம்மா கிளம்புச்சு" என்றார்கள்.

டாக்டரம்மாவிடம் வேன் போகும் வழியைச் சொல்லிவிட்டு, ஏனாத்தூர் பக்கமாக ஸ்கூட்டியை விரட்டினேன். "முழிச்சிருந்தா மட்டும் சர்க்கரைத் தண்ணி குடுங்க. நானும் வரேன்" என்று அவர் சொன்னது காதிலேயே இருந்தது. வழியில் ஓரிடத்தில் கும்பல் கூடியிருந்தது. என் உயிரே போய்விட்டது. கிட்டே போனால், பாரம் சரிந்த ஒரு வைக்கோல் வண்டி.

அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மஞ்சள் வேன் ஓரமாக நின்றிருந்தது. ஜன்னல்களில் குழந்தைகளின் முகங்கள். அவர் ஸ்டீயரிங் மேல் தலையைச் சாய்த்திருந்தார். வேனில் உதவிக்கு வரும் அம்மா பதறிப்போய் நின்றிருந்தார்.

"ஓரமா நிறுத்தினாரும்மா. அப்புறம் பேச்சே வரல. வேர்த்து ஊத்திக்கினே இருக்குது!"

தோளைப் பிடித்து உலுக்கினேன். கண்ணைத் திறந்தார். நான் யாரென்றே தெரியாதவர் போலப் பார்த்தார். "சர்க்கரைத் தண்ணி!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடைக்காரர் தம்ளரில் கரைத்துக்கொண்டு ஓடி வந்தார். பாதி சட்டையில் கொட்டியது. மீதியை மடக்கு மடக்காகக் குடித்தார்.

ஆட்டோவில் வந்து இறங்கிய டாக்டரம்மா அவர் விரலில் குத்திப் பார்த்தார். மீட்டர் காட்டிய எண்ணைப் பார்த்ததும் டாக்டரம்மா முகம் வெளுத்துவிட்டது. சர்க்கரை மறுபடியும் இறங்கும் என்று சொல்லி, அவரே கூட வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். குழந்தைகளை வேறு வேன் வந்து கூட்டிப் போனது.

குளுக்கோஸ் ஏற ஏற அவருக்கு நினைவு தெளிந்தது. "பசங்க வீட்டுக்குப் போய்ட்டாங்களா?" என்பதுதான் முதல் பேச்சு. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

என் தம்பி வந்து கத்தினான். "இன்னா டாக்டரு நீங்க? கம்ப்யூட்டர்ல தப்பாயிடுச்சின்னு சொல்லி தப்பிச்சுக்கலாம்னு பாக்கறீங்களா?"

"கம்ப்யூட்டர் பண்ணலப்பா. தொட்டது என் விரல்" என்றார் டாக்டரம்மா. அன்று மதியம் கடைசியாக வந்த ஒரு சர்க்கரை நோயாளிக்கு மருந்து போடும்போது, அந்த இரண்டு பெயர்களும் அடுத்தடுத்து இருப்பதைக் கவனித்திருக்கிறார். சந்தேகம் வந்து, காலையில் போட்டதையெல்லாம் திறந்து பார்த்திருக்கிறார்.

மறுநாள் சாயங்காலம் என் கணவர் வீடு திரும்பினார். இன்றும் அதே டாக்டரம்மாவிடம்தான் போகிறோம். இப்போதெல்லாம் திரையை நம் பக்கம் திருப்பி, மருந்தின் பெயரையும் அது எதற்கு என்பதையும் வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகுதான் அனுப்புகிறார்.

அன்று டாக்டரம்மா கூப்பிடாமல் இருந்திருந்தால், என் கணவர் ஏதோ வேன் ஓட்டும்போது மயங்கிவிட்டார் என்றுதான் ஊர் பேசியிருக்கும். டாக்டரம்மா பெயர் எங்கேயும் வந்திருக்காது. இது அவருக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தும், ஃபோனை எடுத்து "நான் தப்புப் பண்ணிட்டேன்மா" என்று ஒருவர் சொன்னதால்தான் என் கணவர் இன்றைக்கும் காலையில் வேன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்.