பெரிய சிஸ்டர் வாங்காத ஹேண்டோவர்

ஆண்கள் வார்டில் முப்பத்து மூன்று வருஷம் குப்பை கொட்டிய பெரிய சிஸ்டர், அதே ஆஸ்பத்திரியில் ஏழாம் நம்பர் டோக்கனைக் கையில் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய கணவர், தையல்காரர், தெருவே 'மாஸ்டர்' என்று கூப்பிடுகிற மனிதர். வராந்தாவில் போகிறவர்களும் வருகிறவர்களும் சும்மா போவார்களா? "என்ன சிஸ்டர், யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று நின்று நின்று விசாரித்தார்கள். "ஒருத்தரைப் பார்க்க வந்தேன்" என்று சிஸ்டர் கூசாமல் புளுகினார். மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவிட்டு 'முழுங்கிட்டேன்' என்ற நோயாளிகளை அந்தக் காலத்தில் அவர் பேசிய பேச்சு எனக்கு ஞாபகம் வருகிறது, போகட்டும்.

மாஸ்டர் சரியாகப் பேசி மூன்று மாதம் ஆகியிருந்தது, அதாவது சிஸ்டர் ஓய்வு பெற்று மூன்று மாதம்.

அந்த வீட்டில் வெளியே போய் வேலை பார்த்தது சிஸ்டர். முன்னறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு வீட்டோடு இருந்தது மாஸ்டர். பிள்ளைகள் இரண்டையும் குளிப்பாட்டியது, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது, உலை வைத்தது எல்லாம் அவர்தான். 'பெண்டாட்டிக்குப் பயந்தவன்' என்று நாலு பேர் சிரித்தார்கள். அவர் ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு தைத்தார், அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற மறுநாள் காலை ஐந்தரைக்கு சிஸ்டர் எழுந்து ரவுண்ட்ஸ் கிளம்பிவிட்டார். கட்டில் விரிப்பின் நாலு மூலையும் கத்தி முனையாக மடிந்தாக வேண்டும். சமையலறை டப்பாக்களில் எல்லாம் திறந்த தேதி எழுதிய துண்டுச்சீட்டு. பதினோரு மணி டீ ரத்து. காலையும் மாலையும் மாஸ்டரின் கையில் பட்டையைக் கட்டிப் பிரஷர் பார்த்தார். ஒரு மணியிலிருந்து மூன்று வரை நோயாளிகள் ஓய்வெடுக்கும் நேரமாம், ரேடியோ கூடாது. மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பொறுத்தார்.

கடைசியில் கத்தரிக்கோலில் வந்து முடிந்தது. இருபத்தைந்து வருஷமாக மாஸ்டரின் கைக்கென்றே பழகிப்போன பெரிய துணிக் கத்தரி. 'எத்தனை பேர் துணியைத் தொட்டதோ' என்று சிஸ்டர் அதைக் கொதிக்கிற வெந்நீரில் போட்டு இருபது நிமிஷம் வேகவைத்துவிட்டார். ஆமாம், வேகவைத்தார்! இரண்டே நாளில் ஆணி துருவேறி, கத்தரி திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. மாஸ்டர் அதை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் முன்னறை ஜன்னல் பக்கத்து ஆணியில் ஒரு புதுச் சாவி தொங்கியது. சிஸ்டர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. காய் வாங்கப் போன இடத்தில் பேப்பர் கடைக்காரர்தான் போட்டு உடைத்தார்: "எங்க கடை மாடி ரூமுக்கு மாஸ்டர் மெஷினை எப்ப கொண்டாறாரு சிஸ்டர்? அளவு பார்க்கச் சாவி குடுத்திருக்கேன். ஒண்ணாம் தேதிக்குள்ள முடிவு சொல்றேன்னாரு."

எத்தனை சாவைப் பார்த்த சிஸ்டர், இதற்குப் போய்க் காய் வாங்காமலே வெறும் பையோடு வீடு திரும்பினார். இந்த மனுஷன் காலையில் கிளம்பி இருட்டின பிறகு வந்தால், அப்புறம் அது வீடா? இத்தனை வருஷம் ஓடி ஓடி உழைத்து, 'கடைசியில ரெண்டு பேரும் அக்கடான்னு உக்காந்திருப்போம்' என்று எண்ணிய எண்ணம் என்னாவது? மகளுக்குப் போன் போட்டு அழுதார்.

"அம்மா, உன் ஆஸ்பத்திரியிலயே இதுக்குன்னு ஒரு ரூம் தொறந்திருக்காங்க, ரிட்டயர் ஆன ஜோடிங்களுக்கு. அப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போ" என்றாள் மகள்.

"என் ஆஸ்பத்திரிக்கேவா? என் மானம் என்னடி ஆகறது?"

"மானத்தை வெச்சுக்கிட்டு அப்பாவை விட்டுடப் போறியா?"

அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் டோக்கனும் பெஞ்சும்.

உள்ளே நுழைந்ததும் சிஸ்டர் நின்றுவிட்டார். அது முன்னால் வார்டுத் துணிமணி வைத்திருந்த ஸ்டோர். அலமாரிகளை எடுத்துவிட்டு மூன்று நாற்காலி போட்டிருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஜன்னலுக்கு மேலே திரைச்சீலைக் கம்பியைத் தாங்கிய இரும்புக் கொக்கி அப்படியே இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே அறைக்குத்தான் திரைச்சீலைக்கு அளவெடுக்க ஓர் இளைஞன் வந்தான், செருப்புக் காலோடு. "இது என்ன சந்தையா? செருப்பைக் கழட்டிட்டு வாங்க" என்று சிஸ்டர் போட்ட அதட்டலில் அவன் கையிலிருந்த டேப் கீழே விழுந்தது. அப்புறம் அதே ஜன்னலை அளக்க அவன் நாலு தடவை வந்தான். ஜன்னல் என்ன வளரவா செய்யும்?

சிஸ்டர் ஓரக்கண்ணால் பார்த்தார். மாஸ்டர் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

ஆலோசகர் முப்பது வயதுப் பெண். மூக்கிலிருந்து வழுக்கும் கண்ணாடியைத் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டு பேசினாள். கடைசியில் அவள் சொன்னாள்: "ஒரு வாரம் வீட்ல என்ன நடக்குதுன்னு ரெண்டு பேரும் எழுதிக்கிட்டு வாங்க. குத்தம் சொல்லாம, கண்ணால பார்த்ததை மட்டும்."

அடுத்த வாரம் சிஸ்டர் பதினோரு பக்கம் கொடுத்தார். ஆலோசகர் வாசித்தாள்: "ஆண், வயது அறுபத்து நான்கு. காலை ஆறு பத்துக்கு எழுந்தார். சோர்வாகக் காணப்படுகிறார். டீயில் பாதியை வைத்துவிட்டார். ரேடியோ அனுமதித்தும் கேட்கவில்லை. விசாரித்ததில் ஒன்றுமில்லை என்கிறார். இன்-சார்ஜ் சிஸ்டருக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டது." நிமிர்ந்து, "யாரு சிஸ்டர் அந்த இன்-சார்ஜ்?" என்றாள்.

"நான்தான்."

மாஸ்டருக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிஸ்டருக்குக் கோபமும் வந்தது, அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்றும் தோன்றியது. மாஸ்டரின் முறை வந்தபோது, ஒரே வரி எழுதிய துண்டுக் காகிதத்தை எடுத்தவர், மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார். "அப்புறம் பார்த்துக்கலாம்மா" என்றார்.

ஆலோசகர் வற்புறுத்தவில்லை. சிஸ்டரின் காகிதங்களைப் புரட்டிக்கொண்டே, "வார்டுக்குள்ள போனதும் முதல் வேலை என்ன செய்வீங்க?" என்று கேட்டாள்.

சிஸ்டருக்கு உற்சாகம் பிறந்தது. "ஹேண்டோவர் வாங்கறதுதான். ராத்திரி டியூட்டி பார்த்தவ ஒவ்வொரு பெட்டுக்கிட்டயும் நின்னு, யாருக்கு என்ன ஆச்சு, எதைச் செய்யணும், எதைச் செய்யக்கூடாதுன்னு சொல்லணும். அதை வாங்காம ஒரு பஞ்சைக்கூடத் தொடக்கூடாது. ஒரு புதுப் பொண்ணு வாங்காம உள்ள நுழைஞ்சு, ஆபரேஷனுக்குப் பட்டினி போட்டிருந்தவருக்குச் சாப்பாடு குடுத்துட்டா. நான் விட்டேனா? 'உனக்கு முன்னாடி இங்க ஒருத்தி கண் முழிச்சிருந்தாளே, அவளை ஒரு வார்த்தை கேட்டியா'ன்னு..."

பேச்சு பாதியில் நின்றது. சிஸ்டர் மாஸ்டரைப் பார்த்தார். பிறகு மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்தார்.

"நான் வாங்கலையே" என்றார். "முப்பது வருஷத்துக்கு மேல இவர் பார்த்த டியூட்டி. நான் பாட்டுக்கு உள்ள நுழைஞ்சு கத்தரிக்கோலை வேகவெச்சுட்டேன்."

அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு சிஸ்டர் ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார். "சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்ல?"

"பெட் பெட்டாச் சொல்லுங்க. நான் டியூட்டி எடுத்துக்கறேன்."

"போ சிஸ்டர், விளையாடாதே" என்று மாஸ்டர் வெட்கப்பட்டார். சிஸ்டர் நகர்கிற மாதிரி இல்லை. வேறு வழியில்லாமல் அவர் ஆரம்பித்தார். "இந்த ஜன்னலை முழுசாச் சாத்தக்கூடாது, மழைல ஊறினா திறக்காது. உப்பு இடது பக்கம்தான் இருக்கணும். பையனுக்கு இடது கை, அவன் சமைக்கக் கத்துக்கிட்டப்ப மாத்தினது. அவன் போனப்புறமும் எனக்கு மாத்த மனசு வரலை."

சிஸ்டர் எழுதினார். மூன்று மாதமாக உப்பை வலது பக்கம் வைத்துக்கொண்டிருந்தது அவர்தான்.

மேஜையில் முக்கோணமாக ஒரு தீய்ந்த தழும்பு. "உனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு மக உன் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டா. ஒம்பது வயசு. யூனிஃபார்மும் போச்சு, மேஜையும் போச்சு, ஒரே அழுகை. நீ வர்றதுக்குள்ள வேற ஒண்ணு தைச்சு மாட்டிட்டேன். அவசரத்துல பாக்கெட் ஒரு இஞ்ச் மேல ஏறிப்போச்சு, நீ கண்டுபிடிக்கவே இல்ல."

"கண்டுபிடிச்சேன். உங்களுக்குக் கண்ணாடி மாத்தணும்னு நெனச்சேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். படுக்கையறைக்குப் போனார்கள். "இங்கதான் பையனுக்கு ஒரு நாள் காலைல நூத்தி மூணு காய்ச்சல். நீ சொல்லிக் குடுத்த மாதிரியே ஈரத்துணி போட்டுப் போட்டு எடுத்தேன். நீ வந்து தொட்டுப் பார்த்து 'லேசாச் சுடுதே'ன்னே."

"எனக்கு ஏன் போன் பண்ணல?"

"அன்னைக்கு உன் வார்டுல முப்பது பெட்டும் ரொம்பியிருந்துச்சு. நீ ஓடி வந்துடுவே."

சிஸ்டருக்குப் பேனா ஓடவில்லை. மாஸ்டர் மெதுவாக முன்னறைக்கு நடந்தார். மெஷினின் மிதிகட்டையைக் காட்டி, "இங்கேருந்து அந்தக் கதவு வரைக்கும் மக நடந்தது" என்றார்.

"அது எனக்குத் தெரியுமே! நான் வந்து நின்னதும் என்னைப் பார்த்துத்தானே முதல்முதலா அடி எடுத்து வெச்சா."

மாஸ்டர் நூல்கண்டைத் தேவையில்லாமல் நகர்த்தி வைத்தார். "அது ரெண்டாவது தடவை" என்றார். "காலைல பதினோரு மணிக்கே நடந்துட்டா. அப்புறம் உன் முன்னாடிதான் நடக்கணும்னு சாயங்காலம் வரைக்கும் அவளை இடுப்பை விட்டு இறக்கவே இல்ல. அன்னைக்கு ஒரு துணியும் தைக்கல."

சிஸ்டர் அழுதார். நோட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு, வார்டில் ஒரு நாளும் அழாத பெரிய சிஸ்டர், விக்கி விக்கி அழுதார். தான் இழந்ததற்காகவா, தான் இழந்தது தனக்கே தெரியாமல் ஒருவர் பார்த்துக்கொண்டதற்காகவா என்று அவராலேயே பிரிக்க முடியவில்லை. மாஸ்டர் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு வெட்டுத் துணியை எடுத்து நீட்டினார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிஸ்டர் ஜன்னலைக் காட்டினார். "இது?"

"இங்க ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னு நோயாளி சொன்னா, வலி அங்கதான் இருக்குன்னு அர்த்தம். சொல்லுங்க."

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து அந்தத் துண்டுக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். 'நாலரை மணிக்கு இனிமேல் யாரும் வரப்போவதில்லை' என்று எழுதியிருந்தது.

"நாலே காலுக்கு மெஷினை நிறுத்திட்டு இங்க வந்து நின்னுடுவேன்" என்றார். "தெருமுனைல உன் வெள்ளை யூனிஃபார்ம் தெரிஞ்சதும் டீயை அடுப்புல வைப்பேன். நீ வாசலுக்கு வரவும் அது கொதிக்கவும் சரியா இருக்கும். அந்த ஒரு கால் மணி நேரத்துக்காகத்தான் நாள் பூராவும் ஓடும். இப்ப நீ நாள் முழுக்க எதிர்லயே இருக்கே. ஆனா வரவே மாட்டேங்கறே."

சிஸ்டர் ஆணியில் தொங்கிய சாவியைப் பார்த்தார். "அதுக்காகவா மாடி ரூம்? என்னை விட்டுப் போறீங்கன்னு இல்ல நெனச்சேன்."

"கத்தரிக்கோலுக்குக் கோபம் வந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா நான் வெளிய போனா, நாலரைக்கு நானாவது வரலாமேன்னு பார்த்தேன்."

மறுநாள் மாதத்தின் கடைசித் தேதி. சாப்பிட்டதும் சிஸ்டர் தலைசீவிக்கொண்டு கிளம்பினார். "எங்க?" என்று கேட்டதற்கு, "ஆஸ்பத்திரிக்குத்தான். புதுசா வர்றவங்க டோக்கனைக் கையில வெச்சுக்கிட்டு வழி தெரியாம முழிக்கறாங்க, நின்னு சொல்ல ஆளில்ல" என்றார். போய்ச் சொன்னார். இந்தத் தடவை விசாரித்தவர்களிடம் புளுக வேண்டியிருக்கவில்லை.

திரும்பும்போது தெருமுனையில் நின்று தன் வீட்டு ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷமும் வார்டு நினைப்பிலேயே தலையைக் குனிந்துகொண்டு நடந்தவருக்கு, அங்கே ஓர் ஆள் நிற்பது தெரிந்ததே இல்லை. இன்றைக்குத் தெரிந்தது. ஜன்னலில் நின்ற தலை சட்டென்று உள்ளே மறைந்தது. அடுப்புக்குத்தான் ஓடியிருக்க வேண்டும்.

கதவு தட்டுவதற்கு முன்பே திறந்தது. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஆணியில் சாவி இல்லை, பேப்பர் கடைக்கே திரும்பிப் போயிருந்தது. மாஸ்டர் டீயை நீட்டிவிட்டு, "வார்டு எப்படி இருந்துச்சு?" என்றார். வாய் பழக்கம்.

தினமும் அதைக் கேட்பார். தினமும் சிஸ்டர், "என்ன பெரிசா, அதே வார்டுதான்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போவார். முப்பது வருஷத்துக்கும் மேலாக அதுதான் பதில்.

சிஸ்டர் மெஷின் பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உக்காருங்க, சொல்றேன்" என்றார். "நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து சொல்லணும். முதல் பெட்ல ஒரு கிழவர் இருந்தார்..."