வாரேன், வந்தாச்சு

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். வீட்டில் எல்லோரும் அதை ஒரு குறையாகத்தான் சொல்வார்கள். அந்தக் கோபம் மட்டும் இல்லையென்றால் எங்கள் குடோனில் கட்டுப்போடும் அக்காவை வேலையைவிட்டு நிறுத்தியிருப்பார்கள். நானும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ‘ஐயோ பாவம்’ என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். அதனால் என் கோபத்தைப் பற்றி இனி யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

எங்கள் முதலாளிக்கு சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம் மொத்த ஜவுளிக்கடை. குடோன் திருவேங்கடம் ரோட்டில். கோவில்பட்டி, தென்காசி, ராஜபாளையம் கடைக்காரர்கள் என்னென்ன வேண்டும் என்று பகலெல்லாம் கடைக்குச் சொல்வார்கள். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் கடையில் இருக்கும் சர்வர் அத்தனை ஆர்டரையும் ஒரே ஃபைலாகத் திரட்டி, குடோனில் என் மேஜைக்குப் பக்கத்தில் இருக்கும் சர்வருக்கு அனுப்பும். யாரும் எந்தப் பட்டனையும் தட்ட வேண்டாம், எல்லாம் தானாக நடக்கும். குடோன் சர்வர் அதை எடுத்துப் பிரின்டருக்குக் கொடுக்கும். வரும் சீட்டைப் பார்த்து அக்கா கட்டுப்போடுவாள். காலையில் கட்டுகள் வண்டி ஏறிவிடும்.

வெறுமனே வேட்டி என்று போட்டால் எந்தக் கரை என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு வரியோடும் ஒரு போட்டோ வரும். ஃபைல் நல்ல கனம். நம்ம ஊர் நெட்டில் அது வந்து சேர்வதற்குள் ஒரு டீயை ஆற்றிக் குடித்துவிடலாம்.

கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் கோவில்பட்டிக் கடைக்காரர் போன் போட்டு, “கைலி வந்துட்டு, சேலை வந்துட்டு, துண்டு வந்துட்டு. வேட்டிய எங்க வே காணும்?” என்று கேட்டார். சரி, ஏதோ மறதி என்று விட்டோம். அடுத்த சனிக்கிழமை தென்காசிக்காரரும் ராஜபாளையத்துக்காரரும் சேர்ந்துகொண்டார்கள். அதிலும் தென்காசிக்காரர் வாய் சும்மா இருக்காது. “என்ன வே, ஒரு ஜவுளிக்கடைக்காரரு வேட்டி இல்லாம நிக்காரு!” என்று சிரித்தாராம். அதைக் கேட்டு முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது.

கடையில் எடுத்த ஆர்டர் பிரதியோடு குடோனுக்கு வந்தார். அக்காவிடம் இருந்த சீட்டை வாங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கடைப் பிரதியில் கடைசித் தாள் முழுக்க வேட்டி. அக்காவின் சீட்டில் அந்தத் தாளே இல்லை.

“கடைசித் தாள் எங்கம்மா? வடை மடிக்க எடுத்துட்டியோ?” என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. “எங்கைக்கு வந்த சீட்டு இவ்வளவுதான் மொதலாளி. சீட்டுல இருக்கதத்தான கட்ட முடியும்?” என்றாள்.

“இன்னொரு வெள்ளிக்கிழமை சீட்டுல வேட்டி தவறட்டும். நீ வீட்ல இருந்துக்கோ.”

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குக் காரில் ஏறிப் போய்விட்டார். அக்காவின் வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவர், இடுப்பு வலியில் படுத்துவிட்டார். இவள் சம்பளத்தில்தான் உலை கொதிக்கிறது. ஒரு தாளைக்கூடத் தரையில் விடாத மனுஷி, அன்றைக்கு என் கண்ணைப் பார்க்காமல் சணலை முறுக்கிக்கொண்டே இருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இந்த ஏற்பாட்டையெல்லாம் போட்டுக்கொடுத்தது மதுரையில் இருக்கும் ஒரு கம்பெனி. அவர்களைப் போனில் பிடித்தேன். ஒரு தம்பி தேன் ஒழுகப் பேசினான். “எங்க சைடுல பக்காவா இருக்கு மேடம். ஃபைல் போயிடுச்சுன்னுதான் காட்டுது. யூசர் மிஸ்டேக்கா இருக்கும்.”

“போயிருச்சுன்னு சொல்லுதீங்களே, போய்ச் சேந்துச்சான்னு பாத்தீங்களா?” என்று கேட்டேன்.

“ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?”

ரெண்டும் ஒண்ணாம்! போனை வைத்துவிட்டேன். வைக்காவிட்டால் நான் பேசியிருக்கும் பேச்சுக்கு வேலை போயிருக்கும்.

சென்னையில் கொஞ்ச காலம் இதே வேலையைப் பார்த்தவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு ஊரோடு வந்துவிட்டேன். எந்த ஃபைல் என்றைக்கு வந்தது, எவ்வளவு பெரிசு என்று சர்வரில் கிடப்பதைத் தோண்டினேன். மற்ற நாளில் வந்ததெல்லாம் கொழுகொழுவென்று இருந்தது. இளைத்துப்போய் வந்தவை எல்லாம் வெள்ளிக்கிழமை வந்தவை. ஃபைலுக்கு என்ன, வெள்ளிக்கிழமை விரதமா? எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைக்கே போய் சர்வர் பக்கத்தில் நின்றுகொண்டேன். கிளம்பும்போது அக்காவிடம், “சீட்டு வர வர ஒவ்வொரு தாளாக் கையில பிடிங்க. கடைசி வரி என்னன்னு எனக்குப் போன்ல சொல்லுங்க” என்றேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஃபைல் கிளம்பிவிட்டது. திரையில் பச்சைக் கோடு மெதுவாக நகர்கிறது. கடையில் மூத்த சேல்ஸ்மேன் அண்ணாச்சி முகம் கழுவி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கோமதியம்மன் படத்துக்குப் பூப் போட்டுவிட்டு வந்தார். நேராக என் பக்கத்தில் குனிந்தார். சுவரில் இருந்த ஒரு பிளக்கைப் பிடுங்கினார். அந்த இடத்தில் வேறொரு பிளக்கை மாட்டினார். அம்மன் படத்தைச் சுற்றிச் சிவப்பும் பச்சையுமாகச் சீரியல் லைட் ஓடியது. நெட் வரும் பெட்டியின் விளக்கெல்லாம் அணைந்தது. திரையில் பச்சைக் கோடு முக்கால்வாசியில் நின்றுவிட்டது.

“ஏ அண்ணாச்சி!” என்று நான் போட்ட சத்தத்தில் கடையில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஏம்மா சாமி கும்பிடுத நேரத்துல இப்படிக் கத்துத?”

“இப்ப என்னத்தப் பிடுங்கினீங்க?”

“பிளக்கத்தான். ஆடி பொறந்ததுல இருந்து வாராவாரம் செய்யுததுதான. சூடம் காட்டினதும் திரும்ப மாட்டிருவேன்லா” என்றார், மணியை எடுத்துக்கொண்டே. அவர் மேல் எப்படிக் கோபப்படுவது? அவருக்கு அது ஒரு பிளக், அவ்வளவுதான்.

சூடம் அணைவதற்குள் அக்காவின் போன் வந்தது. “ஏட்டி, பாவாடையோட முடிஞ்சிட்டு. அதுக்கு மேல பிரின்டர் ஓடல.” சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் கடைக்கு நடுவில் நின்று கைதட்டினேன். விட்டுப்போன வேட்டி வரிகளைக் கடைத் திரையில் பார்த்து நானே போனில் வாசித்தேன். அவள் எழுதிக் கட்டுப்போட்டாள். மறுநாள் மூன்று ஊருக்கும் வேட்டி போய்ச் சேர்ந்தது.

முதலாளியிடம் சொன்னேன். அவர் ஒரே நொடியில் தீர்ப்பு சொல்லிவிட்டார். “ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி மாட்டு. தீந்துச்சு.”

“தீரல மொதலாளி. இன்னைக்கு பிளக்கு. நாளைக்குக் கரண்டு போவும். அதுக்கடுத்து ரோட்டத் தோண்டி வயர அறுப்பாங்க. பாதியில நின்னத முழுசுன்னு நம்புததுதான் கோளாறு.”

“பாதியில நின்னா, எல்லாச் சரக்கும் கொஞ்சங் கொஞ்சம் குறையணும்லா? வாராவாரம் வேட்டி மட்டும் எப்படிக் குறையும்? தாள் தொலஞ்சாத்தான் அப்படி ஆவும்.”

அவர் விடவில்லை, பாருங்கள். இன்னும் அக்காவின் தலையில்தான் நிற்கிறார். நான் ஆர்டர் பிரதியை அவர் முன்னால் விரித்தேன். “அகராதி வரிசையில வருது மொதலாளி. கானாவுல கைலி, சானாவுல சேலை, தானாவுல துண்டு, நானாவுல நைட்டி, பானாவுல பாவாடை. பூஜைக்கு முன்னால அதுவரைக்கும் வந்துருது. கடைசியில என்ன? வானா. எப்ப அறுந்தாலும் வேட்டிதான் அவுழும்.”

அவர் அந்தத் தாளை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே போனார். கீழே போய் விரல் நின்றது. நான் விடுவேனா? “ஹோட்டல்ல சர்வரு பாதி தோசையக் கொண்டாந்து வச்சா, சாப்பிட்டு எழுந்திரிப்பீங்களா? ‘மீதி எங்க’ன்னு கேப்பீங்கல்லா? நம்ம சர்வரு கேக்கவே மாட்டேங்குது” என்றேன்.

“நீ கேக்க வைப்பியா?”

“வைக்கேன்.”

“அப்ப அடுத்த வெள்ளிக்கிழமை நானே பிடுங்குதேன். வேட்டி வந்துட்டுன்னா அவ இருக்கட்டும்.”

அந்த வாரம் நான் கடையிலும் குடோனிலும் மாறி மாறி உட்கார்ந்தேன். மதுரைக்காரர்கள் போட்டிருந்த அனுப்புகிற ஏற்பாட்டைக் கழற்றிவிட்டு என்னுடையதைப் போட்டேன். பழையதில் என்ன தப்பு என்றால், ஃபைல் வருவது நின்றதும் குடோன் சர்வர் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும், பிறகு வந்த மட்டும் எடுத்துவிடும். நம்ம ஊரில் யாருக்காவது போன் போட்டுப் பாருங்கள். சட்டைகூட மாட்டியிருக்க மாட்டார், “இந்தா வந்துட்டேன்” என்பார். அந்தப் பேச்சை நம்பி யாராவது இலை போடுவோமா? அந்த சர்வர் வாராவாரம் இலை போட்டுக்கொண்டிருந்தது.

ஆகவே ஃபைல் கிளம்பும்போது அதன் பெயருக்குப் பின்னால் ‘வாரேன்’ என்று ஒரு வாலை ஒட்டினேன். ‘வாரேன்’ என்று இருப்பதைக் குடோன் சர்வர் தொடவே கூடாது. முதல் வரியிலேயே, தன்னிடம் மொத்தம் எத்தனை வரி என்று ஃபைல் சொல்லிவிட வேண்டும். வந்து சேர்ந்ததும் எண்ணிப் பார்த்து, எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் ‘வாரேன்’ மாறி ‘வந்தாச்சு’ ஆகும். ‘வந்தாச்சு’ என்றால்தான் பிரின்டர் அசையும். நடுவில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து மறுபடி வரும். ரொம்ப நேரம் ‘வாரேன்’ என்றே நின்றால் திரை சிவந்து கூப்பாடு போடும். இவ்வளவுதான், இதற்கு மேல் வித்தை ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. முதலாளி கடையில் நாற்காலியை இழுத்துப் போட்டு, பிளக்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அண்ணாச்சி பூத்தட்டோடு நின்றார். என் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தேன். அந்தப் பக்கம் குடோனில் அக்கா மூச்சு விடுவதுகூடக் கேட்டது. பச்சைக் கோடு பாதி வந்ததும், “பிடுங்குங்க மொதலாளி!” என்றேன்.

பிடுங்கினார். அண்ணாச்சி சந்தோஷமாகச் சீரியல் லைட்டை மாட்டினார்.

“சீட்டு வந்துச்சாம்மா?” என்று முதலாளி போனில் கேட்டார்.

“இல்ல மொதலாளி. ‘வாரேன்’னு நிக்கு.”

அண்ணாச்சி அன்றைக்கென்று நிறுத்தி நிதானமாகப் பூஜை செய்தார். எழுதியதில் ஒரு புள்ளி தப்பியிருந்தால் போச்சு, அக்கா திங்கட்கிழமை வர மாட்டாள். சூடம் காட்டி, மணியடித்து, எல்லோருக்கும் திருநீறு கொடுத்து முடித்தார். முதலாளி பிளக்கைத் திரும்ப மாட்டினார். நெட் பெட்டியில் விளக்கு ஒவ்வொன்றாக முழித்தது. பச்சைக் கோடு நின்ற இடத்திலிருந்து நகர்ந்தது.

“வந்தாச்சு!” என்று போனுக்குள் ஒரு கத்தல். பின்னாலேயே பிரின்டர் ஓடும் சத்தம்.

“கடைசித் தாள்ல என்னம்மா இருக்கு?” என்றார் முதலாளி.

அக்கா வாசித்தாள். ஒவ்வொரு கரையாக, ஒவ்வொரு ஊராக, ஒரு வரி விடாமல், குடோன் முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்தாள். முதலாளி நடுவில் “சரிம்மா, போதும்” என்றார். அவள் நிறுத்தவில்லை. கடைசி வரியை முடித்துவிட்டு, “வேட்டி எல்லாம் இருக்கு மொதலாளி” என்றாள். அப்போது அவள் குரல் உடைந்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் என்ன வெட்கம்.

திங்கட்கிழமை காலை முதலாளி குடோனுக்கு வந்தார். மன்னிப்பு கின்னிப்பு என்று அவர் வாயிலிருந்து வராது. கையில் ஒரு பொட்டலம் இருந்தது. “எல்லாரும் சாப்பிடுங்க” என்று அக்கா பக்கத்தில் வைத்தார். சூடான உளுந்த வடை. அக்கா பொட்டலத்தைப் பிரித்து, வடைகளை ஒரு தட்டில் கொட்டினாள். எண்ணெய் ஊறிய தாளை மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் நன்றாகப் பார்த்தாள்.

“நம்ம சீட்டு இல்ல மொதலாளி” என்றாள். “நீங்களும் ஒருவாட்டி பாத்துக்கோங்க.”

குடோனே சிரித்தது. இந்தத் தடவை அவளும் சிரித்தாள்.