ஐந்தில் ஒன்றை விட்டவன்

மதன் என் தம்பி. வயது முப்பத்தைந்து. மைசூரில் கார் உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் வெகுகாலமாகத் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறான். இந்த ஜனவரியில் ஆலையில் சொல்லிவிட்டார்கள்: டிப்ளமா இல்லாதவர்கள் ஏப்ரல் முதல் ஒப்பந்தத்தில் லாரிக்குப் பெட்டி ஏற்றப் போகலாம். மாலைநேர டிப்ளமாவில் சேர்ந்துவிட்டவர்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கலாம். சேர்வதற்குக் கணித நுழைவுத் தேர்வு. வயது வரம்பும் முப்பத்தைந்துதான். அடுத்த வருடம் என்று ஒன்று அவனுக்குக் கிடையாது.

நான் மஸ்கட்டில் இருக்கிறேன். தினமும் போன் செய்து அவனை அரிப்பதைத் தவிர என்னால் ஆனது ஒன்றுமில்லை. தொல்லைதான், தெரியும். ஆனாலும் கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

"முக்கோணவியல் எல்லாம் மறந்தே போச்சுக்கா. புள்ளியியல்ல பத்து கேள்வி வருது. கூட்டத் தெரியும், வகுக்கத் தெரியும். அதைப் புடிச்சுத்தான் கரையேறணும்" என்றான்.

சொந்த ஊரான ஹனூரில் எங்கள் இருவருக்கும் பள்ளியில் ஐந்தாவது வரை தமிழ், பிறகு கன்னடம். தேர்வோ ஆங்கிலத்தில். அதுதான் இடிக்கும் என்று பயந்தேன். இடித்தது அது இல்லை. பத்துப் புள்ளியியல் கேள்வியில் நாலைந்து ஒவ்வொரு முறையும் தப்பாகிக்கொண்டே இருந்தது, ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை.

"நான் போட்ட விடை ஆப்ஷன்லயே இருக்குக்கா. அப்புறம் எப்படித் தப்பாகும்? எனக்கு மண்டை துருப்புடிச்சுருச்சு, அவ்வளவுதான்."

அவன் மனைவி ரூபா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "குளிக்கப் போனவரு தண்ணி ஊத்திக்காமயே வந்துட்டாரு அண்ணி. உள்ள நின்னு எதையோ வகுத்துட்டு இருந்தாராம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் இருந்தேன். ரூபா அவரைக்காய் உரித்தபடி கேள்வியைப் படித்தாள். ஐந்து மாணவர்களின் மதிப்பெண்: 42, 44, 43, 47, 94. சராசரி என்ன? அவன் எழுதிக் கூட்டி, நாற்பத்தி நாலு என்றான். அவள் எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, அஞ்சு பேருங்க. நாலுதான எழுதியிருக்கீங்க. தொண்ணூத்தி நாலு எங்க?"

"அது ரிஜெக்ட்."

"என்னது?"

"மத்ததெல்லாம் நாப்பதுல நிக்கறப்ப அது மட்டும் எப்படித் தொண்ணூறுக்குப் போகும்? மெஷின் ஆட்டம் குடுத்திருக்கு."

"மெஷின் இல்லைங்க, யாரோ பெத்த புள்ள. நல்லாப் படிச்சிருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்சம் கழித்து அவனும் சிரித்தான். இத்தனை வருடமாக அளவு தப்பிய பீஸைச் சிவப்புத் தொட்டியில் போட்டுவிட்டு மிச்சத்துக்குச் சராசரி எழுதிய கை. ஒத்துவராத எண்ணை அவனைக் கேட்காமலே விட்டுவிடுகிறது. சரியான விடை ஐம்பத்தி நாலு. வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண் நாற்பத்தி நாலு என்பதால் அதுவும் ஆப்ஷனில் அவனுக்காகக் காத்திருக்கிறது.

அதற்குப் பிறகு ரூபா விடவில்லை. எந்த எண்ணைக் கோடு போட்டு அடிக்கப் பார்த்தாலும் அவன் விரல்முட்டியில் ஒரு தட்டு. "அடிக்காதீங்க. எதையும் அடிக்காதீங்க." பத்துக்கு ஒன்பது வர ஆரம்பித்தது. எனக்கு மெல்ல நம்பிக்கை வந்தது.

தேர்வன்று சாயங்காலம் வரை அவன் போன் அணைந்தே கிடந்தது. பிறகு அவனே கூப்பிட்டான்.

"ஒரு கேள்விக்கா. இருபது பீஸோட சராசரி நாப்பது. அதுல அம்பத்தி மூணை எம்பத்தி மூணுன்னு தப்பாப் படிச்சுட்டாங்களாம். சரியான சராசரி கேட்டிருந்தான்."

"சுலபம்தானேடா. எண்பத்தி மூணை அடிச்சுட்டு அந்த இடத்துல..."

"அடிக்கத்தான் கை வரல."

எண்ணை அடிக்கிறானா என்று தன்னைச் சோதிக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறான். அடித்தானாம், மறுபடி எழுதினானாம், மறுபடி அடித்தானாம். மணி அடித்தபோது மிச்சக் கேள்விகளை அவன் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் குறித்தது அதே நாற்பது. முப்பத்தி எட்டரை என்று நான் இங்கே காகிதத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டேன். அவனிடம் சொல்லவில்லை.

"நான்தான் அண்ணி, அடிக்காதீங்க அடிக்காதீங்கன்னு..." ரூபா பாதியிலேயே போனை அவன் கையில் கொடுத்துவிட்டாள்.

பட்டியலில் அவன் பெயர் இல்லை. வயது வரம்பு இல்லாத கல்லூரி ஏதாவது உண்டா என்று மைசூரில் விஜயநகர்ப் பக்கம் தொடங்கி ஊர் முழுக்க அலைந்திருக்கிறான். ஏப்ரலில் லாரிப் பக்கம் போய்விட்டான்.

போன வாரம் கூப்பிட்டான். சுற்றிவளைத்துப் பேசிக்கொண்டிருந்தவன், வைக்கப் போகும்போது கேட்டான்.

"அக்கா, அங்க தர ஆய்வுக்கு ஆள் எடுக்கறாங்களா? அங்கயும் டிப்ளமா கேப்பாங்களா?"

கேட்பார்கள். எனக்குத் தெரியும்.

"விசாரிச்சுச் சொல்றேன்டா" என்றேன்.